நியூட்ரலில் இறங்கிய கார்

"ஆத்துல குதிக்கப் போறவங்க, வண்டி உருண்டுடக் கூடாதேன்னு சக்கரத்துக்குக் கல்லு வெப்பாங்களா, சுக்பீர்?"

திதி இதைக் கேட்டபோது என் வாயில் சுர்ப்பி இருந்தது. காய்ந்த பாலாடைக்கட்டி. ஒரு துண்டை மென்று முடிப்பதற்குள் ஒரு வழக்கையே முடித்துவிடலாம். அதை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தேன். காரின் பின் சக்கரத்துக்கு அடியில், சரியாகச் செருகப்பட்ட ஒரு கருங்கல்.

"வெப்பாங்க திதி. நம்ம ஊர்க்காரங்களா இருந்தா, எமன் வந்து கூப்பிட்டாலும் கல்லை வெச்சுட்டுத்தான் கிளம்புவாங்க."

"இந்தக் காரோட சொந்தக்காரம்மாவால குனிய முடியாதே?"

சுர்ப்பி தொண்டையில் இறங்கப் பார்த்தது.

நிம்கித் லெப்சா என்ற பெயரைக் காலிம்போங்கில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிபவள். என்னைவிட மூத்தவள் என்பதால் எனக்குத் திதி, அதாவது அக்கா. நான் சுக்பீர் தாமாங். ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருபவன், திட்டு வாங்குபவன் எல்லாம். மலையில் பிறந்தும் வளைவுப் பாதையில் வயிறு புரட்டும் ஒரே துப்பறிவாளர் உலகத்திலேயே இவள்தான் என்று நினைக்கிறேன். கையில் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி இருக்கும். இன்றைக்கும் இருந்தது.

டீஸ்டா பஜாரைத் தாண்டி, ஆற்றங்கரையை ஒட்டிய சமதளத்தில் அந்த வெள்ளை ஆட்டோமேட்டிக் கார் நின்றுகொண்டிருந்தது. ஆர்க்கிட் நர்சரி நடத்தும் லீலாமணி பிரதானின் கார். முந்தாநாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. நேற்றுக் காலையில் காரை இங்கே கண்டுபிடித்தார்கள். முன் சீட்டில் அவருடைய கைப்பை இருந்தது, செருப்பு ஆற்றோரத்தில் கிடந்தது. ஆற்றில் போலீஸ்காரர்கள் ரப்பர் படகுகளில் தேடிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்து டீஸ்டா, சேற்று நிறத்தில், எதையும் திருப்பித் தருகிற எண்ணமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கைப்பைக்குள் இன்சுலின் ஊசி இருந்தது. அதுதான் எங்களை விரட்டியது. லீலாமணி மேடத்துக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி இல்லாமல் இரண்டாவது நாளைத் தாண்டமாட்டார் என்று அவருடைய டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அவர் ஆற்றில் இல்லாமல் வேறெங்கோ உயிரோடு இருந்தால், இன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

"இடது முட்டி தேஞ்சு போச்சுன்னுதானே மேடம் கிளட்ச் இல்லாத கார் வாங்கினாங்க? படி ஏறவே கைத்தடி வேணும். அவங்க ரோட்டுல உக்காந்து கல்லு செருகினாங்களாம்," என்றாள் திதி.

"அப்போ வேற யாரோ ஓட்டிட்டு வந்திருக்காங்க."

"யாரோ இல்ல. மலைக்காரன். சமதளத்துலகூடக் கல்லு வெக்கிற அளவுக்குப் பழகிப்போனவன். தற்கொலைன்னு காட்டணும்னு எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்சிருக்கான். வண்டியை நிறுத்தினதும் கை தானா கல்லைத் தேடிடுச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நானும் அப்படித்தான். போன மாதம் சிலிகுரியில் மாமனார் வீட்டு வாசலில் கல் தேடி அலைந்து, கிடைக்காமல் அவருடைய பூந்தொட்டியை வைத்துவிட்டு வந்தவன் நான்.

அந்த நேரத்தில் படகுப் பக்கமிருந்து இரண்டு பேர் எங்களை நோக்கி வந்தார்கள். ஒருவன் பிரஜ்வல் பிரதான், மேடத்தின் தம்பி மகன். கொல்கத்தாவில் வேலை, லீவில் வந்திருந்தான். எங்களை அமர்த்தியதும் அவன்தான். மேடத்துக்குப் பிள்ளைகள் கிடையாது, நர்சரி நாளைக்கு இவனுக்குத்தான் போகும். இன்ஸ்பெக்டர் பிஸ்வாஸ் அதனாலேயே இவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் இவன்மேல்தான் சந்தேகம். துக்க வீட்டில் கூலிங்கிளாஸ் போடுகிறவனை நான் நம்புவதில்லை.

இன்னொருவர் ருத்ர கதுவால். நர்சரியின் மேஸ்திரி, பூ ஜீப்பின் டிரைவர், மேடத்தின் வலது கை. ஐம்பது வயது இருக்கும். விடிவதற்கு முன் பூக்களை ஏற்றிக்கொண்டு பாக்டோக்ரா விமான நிலையத்துக்குப் போய்வருகிறவர். மலை முழுக்க அவருக்கு ருத்ரா தாஜு, ருத்ரா அண்ணன் என்று பெயர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதா, பஹினி?" என்று, தங்கச்சி முறை வைத்து, திதியிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல தாஜு. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எப்படி இறங்கும்? என் அக்கா மாதிரி அவங்க."

பிரஜ்வலுடைய கார், அதுவும் ஆட்டோமேட்டிக்தான், சற்று மேலே சரிவில் நின்றுகொண்டிருந்தது. கை பிரேக் இல்லை, கல்லும் இல்லை. வெறும் 'பி'யில், அதாவது பார்க்கிங் கியரில், போட்டுவிட்டு இறங்கியிருந்தான். மொத்தக் காரின் பாரமும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கவே எனக்குப் பல் கூசியது.

"அந்தக் கொக்கி ஒருநாள் ஒடிஞ்சா உங்க காரும் டீஸ்டாவுலதான், சார்," என்றேன்.

"அதுக்குத்தானே 'பி'ன்னு எழுதியிருக்கான்?" என்றான் பிரஜ்வல்.

திதி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"சுக்பீர், மேடத்தோட காரைக் கொஞ்சம் பேச வை," என்றாள்.

பிஸ்வாஸிடம் சாவி வாங்கி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. கல்லை எடுத்துவிட்டு, முன்னால் போக 'டி'யில் போட்டேன். நகரவில்லை. பின்னால் போக 'ஆர்' போட்டேன். உள்ளே எங்கேயோ ஒரு முனகல், அவ்வளவுதான். இறங்கி பானெட்டைத் தூக்கி, கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுப்பாக இருந்தது. அடிபிடித்த பால் வாசனை. கம்பியைத் துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்தபோது வெள்ளித்தூள் மின்னியது.

"செத்துப்போச்சு, திதி. ரெண்டு தடவை கொன்னிருக்கான்."

"புரியிற மாதிரி சொல்லு."

"கருகின வாசனை ஏத்தத்துல வந்தது. செங்குத்தான இடத்துல, சேத்துல, பிரேக்கை மிதிக்காம ஆக்ஸிலேட்டர்லயே வண்டியைத் தாங்கிப் பிடிச்சிருக்கான். கிளட்ச் வண்டியில நம்மாளுங்க பாதி கிளட்ச்ல நிக்கிற மாதிரி. இதுல அப்படிச் செஞ்சா எண்ணெய் கொதிச்சிடும். இந்த வெள்ளித்தூள் இறக்கத்துல வந்தது."

"இறக்கத்துல வண்டிக்கு என்ன கஷ்டம்?"

"எஞ்சினை அணைச்சு, நியூட்ரல்ல உருட்டிட்டு வந்திருக்கான். டீசல் மிச்சம் பண்றதுக்கு நாங்க எல்லாரும் செய்றதுதான். பழைய ஜீப் பொறுத்துக்கும். இதுல எஞ்சின் சுத்தினாத்தான் கியர் பெட்டிக்குள்ள எண்ணெய் ஓடும். எஞ்சின் நின்னு சக்கரம் மட்டும் சுத்தினா உள்ள எல்லாம் காஞ்சபடியே அரைபடும். ஏற்கெனவே கொதிச்ச எண்ணெய் வேற. காலிம்போங்லேர்ந்து இங்க வரைக்கும் இறக்கம்தானே? கீழ வந்து சேரும்போது வண்டி பிணம்."

திதி இஞ்சியைக் கடித்தாள். கண்கள் ஆற்றைவிட்டு மேலே, மேகம் மூடிய மலைக்குப் போயின.

"அப்போ இறங்குறதுக்கு முன்னாடி இந்தக் கார் எங்கேயோ மேல ஏறியிருக்கு. செங்குத்தா, சேறா இருக்கிற இடத்துக்கு."

"ஆமா."

"அங்கதான் அவங்களை விட்டுட்டு வந்திருக்கான். எல்லாரும் கீழ தேடுறோம். அவங்க மேல இருக்காங்க."

"மேலன்னா எங்க திதி? இந்த மலையில சேத்துப் பாதைக்கா பஞ்சம்? மழை பெஞ்சா என் வீட்டு வாசலே அப்படித்தான்."

அவள் நேராகப் பிஸ்வாஸிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்தார். திதி திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நர்சரிக்குப் போய் மேடத்தோட அறையைப் பாக்கணும். பிரஜ்வல், உங்க கார்ல போகலாமா? நீங்க ஓட்ட வேண்டாம், ராத்திரி தூங்கியிருக்க மாட்டீங்க. ருத்ரா தாஜு ஓட்டட்டும்."

"நான் ஓட்டுறேனே, திதி," என்றேன். எனக்கு ரோஷமாக இருந்தது.

"நீ பக்கத்துல உக்காரு."

ருத்ரா தாஜு கையைப் பிசைந்தார். "எனக்கு இந்த மாதிரி வண்டி ஓட்டிப் பழக்கமே இல்ல, பஹினி. மேடம் தன் காரை யாரையும் தொட விடமாட்டாங்க. நான் பூ ஜீப்போட சரி."

"மெதுவாப் போங்க தாஜு. நீங்க ஓட்டினா எனக்கு வாந்தி வராதுன்னு ஊரே சொல்லுது."

சங்கடத்தோடு ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில், திதியும் பிரஜ்வலும் பின்னால். தாஜு சாவியைத் திருகினார். வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியர் கம்பியின் பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, 'பி'யிலிருந்து 'டி'க்கு இழுத்தார். கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

என் முதுகுத்தண்டில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது.

முதன்முதலாக ஆட்டோமேட்டிக்கில் உட்கார்கிற எந்த மலை டிரைவரும் முதலில் இடது காலால் இல்லாத கிளட்சைத் தேடுவான். பிறகு கம்பியை இழுத்துப் பார்ப்பான், அது அசையாது. பிரேக்கை மிதித்தால்தான் 'பி' விடும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். நானே முதல் தடவை கால் மணி நேரம் முழித்திருக்கிறேன். இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்கவும் இல்லை.

கண்ணாடியில் திதியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்துதான் செய்கிறாள். கூலிங்கிளாஸ்காரனை நம்பாத நான், அழுத கண்ணை நம்பியிருக்கிறேன். பிரஜ்வலுக்குக் கல் வைக்கவும் தெரியாது, வண்டியை உருட்டவும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் சற்று முன்பு சிரித்திருக்கிறாள்.

கார் ஏறியது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங் அவர் கையில். இவருக்கு விஷயம் புரிந்து, கையை ஒரு திருகு திருகினால் நாலு பேரும் டீஸ்டாவில். குலதெய்வத்துக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். அடுத்த வளைவில் அதை இரண்டாக்கினேன்.

காலிம்போங் பஜாரின் நெரிசலைத் தாண்டி நர்சரிப் பாதையில் திரும்பியதும் திதி பேச ஆரம்பித்தாள், கண்ணைத் திறக்காமலே.

"தாஜு, மேடத்துக்கு யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருந்துச்சா?"

"அவங்களை யாரு வெறுப்பாங்க?"

"கொஞ்ச நாளா வருத்தமா இருந்தாங்களாமே? பிரஜ்வல் சொன்னாரு."

பிரஜ்வல் மூக்கை உறிஞ்சினான். "நம்ம பூப்பெட்டியில யாரோ காட்டு ஆர்க்கிட்டை ஒளிச்சு அனுப்புறாங்க, கண்டுபிடிச்சுட்டேன், வனத்துறையில போய்ச் சொல்லப்போறேன்னு அத்தை சொன்னாங்க. யாருன்னு அவங்களுக்கே தெரியல. ருத்ரா தாஜுகிட்ட யோசனை கேக்கணும்னாங்க."

"கேட்டாங்களா, தாஜு?"

"இல்லையே," என்றார் அவர்.

பாதை அந்த இடத்தில் ஒரு ஓடைப் பாலத்தை நோக்கி நீளமாகச் சரிகிறது. சரிவு தொடங்கியதும் தாஜுவின் இடது கை கம்பியை 'என்'னுக்கு, நியூட்ரலுக்கு, தள்ளியது. வலது கை சாவியைத் திருகியது. எஞ்சின் நின்றது. அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரி செய்தார்.

சத்தமே இல்லாமல் கார் உருள ஆரம்பித்தது. காற்று மட்டும் கேட்டது. எஞ்சின் நின்றால் பிரேக் இரண்டு மிதிக்கு மேல் தாங்காது, கல்லாகிவிடும். எதிரே பாலம், அதற்கு முன் ஒரு கடும் வளைவு. என் கை தானாகச் சாவிப் பக்கம் போயிற்று.

"விடு, சுக்பீர்," என்றாள் திதி.

"திதி, பிரேக்..."

"தாஜு பாத்துப்பாரு. தாஜு, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? மேடத்தோட இன்சுலின் ஊசி அந்தக் கைப்பையிலயே இருந்துச்சு."

ஸ்டியரிங் மேலிருந்த விரல்கள் இறுகின.

"அவங்க ஆத்துல விழலைன்னு வெச்சுக்கோங்க," திதி அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். "எங்கேயோ ஒரு இருட்டு அறையில இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. நேத்து முழுக்க ஊசி இல்ல. முதல்ல தாகம் எடுக்கும். தாகம்னா சாதாரணத் தாகம் இல்ல. அப்புறம் வாந்தி. அப்புறம் மூச்சு வாங்கும். அப்புறம் எங்க இருக்கோம்னே தெரியாது. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கினா அதிர்ஷ்டம்."

பிரஜ்வல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். தாஜு வளைவைச் சரியாக ஒடித்து, பாலத்தில் இறங்கி, சரிவு முடியும் இடத்தில் சாவியைத் திருகி எஞ்சினை எழுப்பினார். கம்பியை 'டி'க்கு இழுத்தார். அங்கே நிற்கவில்லை. கை இன்னும் கீழே, 'எல்' வரைக்கும் இழுத்தது. கார் குலுங்கி வேகம் இழந்தது. எஞ்சின் உறுமியது.

எதிரே பாதை நேராக, சமமாக இருந்தது. முதல் கியரில் போக அங்கே எந்த அவசியமும் இல்லை.

தாஜு திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கை மாதிரி பார்த்தார். அவசரமாக 'டி'க்குத் தள்ளினார்.

"நிறுத்துங்க," என்றாள் திதி. குரல் மாறியிருந்தது.

கார் நின்றது.

"என் வயிறு இந்தப் பாதையோட ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு, தாஜு. இங்க யாரும் கியர் குறைக்க மாட்டாங்க. நேரா நர்சரிக்குப் போற கைக்கு இந்த இடத்துல வேலையே இல்ல. இடது பக்கம் திரும்பி ஏறப் போற கைக்குத்தான் வேலை."

நான் இடது பக்கம் பார்த்தேன். மூங்கில் புதருக்கு நடுவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மண்பாதை செங்குத்தாக மேலே போனது. நர்சரியின் பழைய கொட்டகைக்குப் போகிற வழி. மண் சரிந்த பிறகு கைவிட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். சேற்றில் டயர் தடம் தெளிவாக இருந்தது.

"பழக்க தோஷம், பஹினி. ஜீப் ஞாபகத்துல..."

"எந்த ஞாபகத்துல? அங்கதான் காட்டுச் செடியைச் சேத்து வெப்பீங்களா?"

நான் இறங்கிப் போய் தாஜு பக்கக் கதவைத் திறந்தேன். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் தானாகவே இறங்கி வழிவிட்டார். பின் சீட்டில் திதிக்குப் பக்கத்தில் போய், குனிந்தபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஏற்றத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். 'எல்'லில் போட்டு ஒரே சீராக ஏற்றினேன். சக்கரம் வழுக்கிய இடத்திலெல்லாம் ஆக்ஸிலேட்டரை அமுக்கச் சொல்லி கால் கெஞ்சியது. அமுக்கவில்லை. நின்றால் பிரேக்கில் நின்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏற்றினேன். இந்தக் கியர் பெட்டியும் கருகினால் மேடத்தைத் தோளில்தான் தூக்கி இறங்க வேண்டும். அதற்கு நேரமில்லை.

கொட்டகைக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"சாவி," என்றாள் திதி.

"என்கிட்ட இல்ல," என்றார் ருத்ரா. "நான் எதுவும் செய்யல. எனக்கு ஒண்ணும் தெரியாது."

திதி கதவைத் தட்டினாள். "மேடம்! லீலாமணி மேடம்!"

பதில் இல்லை. பிரஜ்வல் கத்தினான். "அத்தை!" அதற்கும் பதில் இல்லை. மூங்கில் இலையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. காரிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுக்க நான் திரும்பினேன்.

அப்போது ருத்ரா உடைந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, இடுப்பிலிருந்த ஜீப் சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டோடு போராடினார். அவசரத்தில் சாவி துளைக்குள் போகவில்லை. "மேடம், மேடம்" என்று குழந்தை மாதிரி அழுதார். "சரக்கு போற வரைக்கும் எல்லாரும் ஆத்துலயே தேடட்டும்னுதான்... டீயில தூக்க மாத்திரை போட்டேன், அவ்வளவுதான்... ஊசி பையிலதான் இருக்குன்னு எனக்குத் தெரியாது... கொல்ல நினைக்கல..."

பூட்டு திறந்தது.

உள்ளே ஈர மண் வாசனை. வரிசை வரிசையாகக் காட்டுச் செடிகள், சாக்கில் கட்டியபடி. அவற்றுக்கு நடுவில், சுவரில் சாய்ந்து லீலாமணி மேடம் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. பெரிய பெரிய மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தார். எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்ற உருவத்தை மட்டும் பார்த்தார்.

"ருத்ராவா?" என்றார். "செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டியாப்பா?"

எந்த நர்சரியில், எந்தக் காலையில் இருப்பதாக அவர் நினைத்தாரோ, தெரியாது. ஆனால் இருபது வருஷமாக எல்லாக் காலையிலும் கேட்ட கேள்வி அது.

"ஊத்திட்டேன், மேடம்," என்றார் ருத்ரா. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கீழே பாலத்துக்குப் பக்கத்தில் பிஸ்வாஸின் ஜீப்பும் ஆம்புலன்ஸும் காத்திருந்தன. டீஸ்டாவிலேயே திதி அதைச் சொல்லி வைத்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால், கண்ணில் படாத தூரத்தில் வரச் சொல்லியிருந்தாள். பிரஜ்வலும் நானும் மேடத்தைத் தூக்கிக் காரில் கிடத்தினோம். அந்தப் பையன் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டான். கூலிங்கிளாஸ் எங்கோ விழுந்திருந்தது, கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. நேற்று முழுக்க அழுததை மறைக்கத்தான் அதைப் போட்டிருக்கிறான். மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ருத்ராவைப் பிஸ்வாஸ் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாயங்கால வெயில் மேகத்தை விலக்கிக்கொண்டு வந்தபோது டாக்டர் வெளியே வந்தார்.

"பிழைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கொண்டுவந்திருந்தா நான் இதைச் சொல்லியிருக்க முடியாது. தெளிவாப் பேசுறாங்க. டீ குடிச்சது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் இருட்டு மட்டும்தானாம்."

பிரஜ்வல் சுவரில் முகத்தை வைத்துக் குலுங்கினான். திதி கண்ணை மூடி நீளமாக மூச்சை விட்டாள்.

"ருத்ரான்னு யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். "அவரைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. தன்னைக் காணாம அவன் சாப்பிட்டிருக்க மாட்டான், முதல்ல அவனுக்கு ஏதாவது குடுங்கங்கிறாங்க."

பிரஜ்வல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

திதி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "யார் செஞ்சதுன்னு நானே சொல்லிடறேன்," என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.